மூன்றாவது வரிசை வரைக்கும்

பிப்ரவரி 9

என் செல்ல முணுமுணுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகம்தானே? குட்டிக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, விழுந்ததா? உன் இருமல் எப்படி? அச்சகத்தில் நாள் முழுக்கப் புரூஃப் பார்க்கிறவளிடம் கண்ணைப் பற்றிக் கேட்காமல் தொண்டையைப் பற்றிக் கேட்கிறேன் பார். பழக்கதோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் போட்ட சாவி நாடகத்தை அத்தான் தூசி தட்டி மறுபடி எடுத்திருக்கிறார். எனக்கு அதே அம்மா வேஷம். பெரிய மகனாக நம் தையல்காரர். முதல் ஆட்டத்துக்கே மூணாம்வரிசை வந்துவிட்டார். அந்தப் பத்திரிகை விமர்சகரை நீ மறந்திருக்க மாட்டாய். எந்த அரங்கமானாலும் மூன்றாவது வரிசை ஓர நாற்காலி, மடியில் நோட்டு, ஒரு தடவைகூடச் சிரிக்காத முகம்.

மேடைக்குப் பின்னால் நம் பலகை இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. சட்டமும் அதேதான். விமர்சனம் வந்த அன்றே ஒட்ட வேண்டும். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் அடுத்த ஆட்டத்துக்குள் அதன் கீழே பென்சிலால் பதில் எழுத வேண்டும். "சட்டைகளின் நிறம் கண்ணை உறுத்தியது" என்று வந்ததற்கு, "உறுத்தட்டும், தூக்கம் வராது" என்று தையல்காரர் எழுதினாரே, அது இன்னும் அழியவில்லை. அதன் பிறகு அத்தான் கூட்டம் போட்டு, குறை சொன்னதை நீக்குவார், புகழ்ந்ததை நிரந்தரமாக்குவார். பதினொரு வருஷத்தில் இந்த இரண்டாவது வேலை அவருக்கு அநேகமாக வந்ததே இல்லை.

இந்தத் தடவை வந்திருக்கிறதடி! என்னைப் பற்றி! வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தான் தலைகால் புரியாமல் பேப்பரை ஏழு தடவை சத்தமாகப் படித்தார். எல்லாரும், "பதில எழுதுங்கக்கா, எழுதுங்கக்கா" என்று பென்சிலை நீட்டினார்கள். எனக்குத்தான் ஒன்றும் எழுத வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பல் விழுந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். என் இருமல் எனக்குத் துணையாக நன்றாக இருக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா?

விமர்சனத்தைப் படித்து அச்சகத்தில் எல்லாரிடமும் காட்டினேன். "இவங்க என் கூடப்பிறந்த அக்கா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இருபது வருஷம் உழைத்தவள் நீ. இப்போதாவது ஒருத்தன் கண்ணைத் திறந்தானே.

ஒரு சந்தேகம் மட்டும். அவர் இப்படி எழுதியிருக்கிறார்: "'இந்தக் கதவ நான் ஒருநாளும் சாத்தினதில்ல' என்று சொன்னபின் அந்தத் தாய் நிற்கிறாள். பத்து விநாடி. விரல்கள் சாவியைத் திரும்பத் திரும்பத் தடவுகின்றன. கண்கள் நாம் பார்க்க முடியாத எதையோ பார்க்கின்றன. அதன் பிறகுதான் 'சாத்தினது நீ' என்கிறாள். இந்த மௌனத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்."

அங்கே ஏது நிறுத்தம்? இரண்டு வசனமும் ஒரே மூச்சு. நடுவில் நிறுத்தினால் மகன் தப்பித்துவிடுவான் என்று அத்தானோடு சண்டை போட்டவளே நீதான். இப்போது மாற்றிவிட்டீர்களா?

மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. முன்பெல்லாம் இப்படிக் கடிதம் எழுதுகிற ஆளா நீ?

தங்கை


மார்ச் 6

முணுமுணுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்குச் சர்க்கரை ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது, அவர் கோபம் மாதிரியே. இருமலுக்கு வெந்நீர் குடி என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்.

போனில் பேசினால் எல்லாம் பறந்துவிடும். கடிதம் என்றால் வைத்திருக்கலாம். அதுதான் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

அந்த நிறுத்தம் மேடையில் தானாக வந்தது. எதற்கெடுத்தாலும் நோண்டாதே. அத்தான் இப்போது அதை நிரந்தரமாக்கிவிட்டார். நான் நின்றதும் பின்னால் இருக்கும் விளக்கெல்லாம் மெல்ல இறங்கும். தையல்காரர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார். பத்து எண்ணி விளக்கு ஏறும். போன வியாழக்கிழமை நான் பழைய ஞாபகத்தில் நிற்காமல் சொல்லிவிட்டேன். விளக்குப் போடுகிறவர் திணறி, மேடையே இருட்டாகிவிட்டது. "ஜனங்க அதுக்குன்னு டிக்கெட் எடுத்துட்டு வர்றாங்க, நீ பாட்டுக்கு விட்டுட்டுப் போறியே!" என்று அத்தான் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். பாவம், அவருக்கும் மூன்று வெளியூர் அழைப்பு வந்திருக்கிறது. அதனால் இப்போது ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

கேட்டால் சிரிப்பாய். இப்போது எல்லாரும் நிறுத்தப் பழகுகிறார்கள். தபால்காரனாக வருகிறவர் "தபால்" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்.

குட்டிக்குப் புதுப் பல் முளைத்ததா?

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நலம். குட்டிக்குப் பல் அரும்புகிறது. இருமலை விடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியின் அடியிலிருந்து பழைய பிரதியை எடுத்தேன். சாவி நாடகத்தின் பிரதி என்னிடம்தான் இருக்கிறது. வரும்போது யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திட்டிக்கொள். ஆறு வருஷம் அந்தப் பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாருக்கும் வசனம் எடுத்துக் கொடுத்தேன். நீ மூச்சு வாங்கும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அந்த வசனத்தில் புள்ளி இல்லை. உனக்கு நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுத்தது கிடையாது. உன் வசனம் வரும் பக்கங்களில் மட்டும் என் விரல் ரேகையே இல்லாமல் காகிதம் வெள்ளையாக இருக்கிறது.

எண்ணிக்கொண்டு நிற்கிறாய் என்றால், அது தானாக வருவதில்லை. முதல் நாள் எண்ணினாயா? எண்ணவில்லை என்றால் அந்தப் பத்து விநாடி என்ன செய்துகொண்டிருந்தாய்?

வசனம் மறந்ததா? மறந்தால் மறந்தது என்று சொல்லேன். எனக்குத்தானே சொல்கிறாய்.

உடனே பதில் போடு.

தங்கை


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். வெளியூர் ஆட்டங்களில் அலைந்ததால் எழுத முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. காய் நறுக்கும்போது கையில் கத்தி பட்டுவிட்டது, இடது கையால் எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகப் போகிறது. அத்தான் சந்தோஷமாக இருக்கிறார். அவரை இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

குட்டியை நன்றாகப் படிக்க வை.

அக்கா


மே 10

அக்கா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் அச்சகத்துக்கு உங்கள் ஊர்ப் பத்திரிகை ஒரு வாரம் தாமதமாக வரும். நீ அனுப்பாத விமர்சனத்தை நான் இன்று படித்தேன். நாடகம் பார்க்க இரண்டாம் தடவை போன மூணாம்வரிசை எழுதியது: "மின்சாரம் போன காட்சியில், எரியும் மெழுகுவத்தியுடன் அந்தத் தாய் மீண்டும் உறைந்து நிற்கிறாள். உருகிய மெழுகு கைமேல் வழிகிறது. கை சாய்கிறது, சுடர் விரலைத் தொடுகிறது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அரங்கமே எழுந்து கை தட்டியது."

காய் நறுக்கினாயா நீ? யாரிடம் கதை விடுகிறாய்?

கை வெந்துகொண்டிருக்கும்போது முகம் சுளிக்காமல் நிற்கிற அளவுக்கு நீ பெரிய நடிகை இல்லை அக்கா. சுடுதண்ணீர் இரண்டு சொட்டுப் பட்டாலே ஊரைக் கூட்டுகிறவள். நீ அங்கே இல்லை. அதுதான் விஷயம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நீ எங்கோ போய்விட்டு வந்திருக்கிறாய். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தையல்காரர் இரண்டடி தள்ளித்தானே நின்றிருப்பார்! அவரும் நடிப்பு என்று நினைத்து எண்ணிக்கொண்டு நின்றாரா?

டாக்டரிடம் போனாயா? அத்தானுக்குத் தெரியுமா?

நீயே பலகையில் எழுது. இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் நான் அத்தானுக்கு எழுதுவேன். கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

தங்கை


மே 21

என் முணுமுணுவுக்கு,

உன் கடிதத்தைத் துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு படித்தேன். ஒப்பனை அறையில் வேறு மறைவான இடம் இல்லை. படித்துவிட்டு நன்றாக அழுதேன். வலது கையில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. தோல் இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லிவிடுகிறேன். போன வருஷத்திலிருந்தே இருக்கிறது. முதலில் வாயில் ஒரு இரும்பு ருசி வரும். அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. கண் விழித்தால் பக்கெட் நிரம்பித் தண்ணீர் காலடியில் ஓடும். ஒரு தடவை பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி நான்கு நிறுத்தம் போயிருந்தேன். உடம்பு அசதி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனில் பேசும்போது வந்துவிட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய். நான் மூச்சு விடுகிற இடத்தையெல்லாம் கேட்டுப் பழகினவள் ஆயிற்றே. அதற்குத்தான் கடிதம்.

பிப்ரவரியில் முதல் தடவையாக மேடையில் வந்தது. திரும்பி வந்தபோது அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. ஐயோ, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எந்த இடத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. தையல்காரர் முகத்தைப் பார்த்து, குத்துமதிப்பாக "சாத்தினது நீ" என்றேன். அதற்குக் கை தட்டினார்கள் பார், அப்படி ஒரு கைதட்டலை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

இருபது வருஷம் நான் இருந்து நடித்தேன். "போதுமான நடிப்பு" என்றுதான் எழுதினார்கள். நான் இல்லாத பத்து விநாடிக்கு எழுந்து நின்று தட்டுகிறார்கள். இதை அந்தப் பலகையில் எப்படியடி எழுதுவேன்? எழுதினால் அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். மருந்து சாப்பிட்டு அது நின்றுவிட்டால் நான் மறுபடி போதுமான நடிகை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எது கூடுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஐந்து ஆட்டம் இருக்கிறது. முடியட்டும். உன் காலில் விழுகிறேன், அத்தானுக்கு எழுதாதே.

அக்கா


மே 28

அக்கா,

அத்தானுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதி, மடித்து, என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். எட்டு வருஷத்துக்கு முன் இதே நாடகத்துக்கு இதே மனிதர், "பக்கத்திலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் குரல் மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது" என்று எழுதினார். பலகையில் ஒட்டினார்கள். நான் பென்சிலை எடுப்பதற்கு முன்பே அத்தான், "ஸ்டூல தூக்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். குறையை நீக்கிவிட்டார். நீ கண்ணாடி முன் உட்கார்ந்து பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் குத்திக்காட்டத்தான். ஆனால் அந்த ஸ்டூலில் நான் இருந்திருந்தால் முதல் விநாடியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது விநாடியில் "சாத்தினது நீ" என்று நான் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அப்போதும் உனக்கு நினைவு திரும்பாவிட்டால் திரையை இழுத்திருப்பேன்.

ஐந்து ஆட்டத்தில் எதிலாவது கையில் மெழுகுவத்தியோடு நீ சேலையில் தீ வைத்துக்கொண்டால் அதற்கும் கை தட்டுவார்கள். நீ எனக்குப் போதுமான அக்கா. எனக்கு வேறு அக்கா கிடையாது.

பென்சிலை எடு.

தங்கை


ஜூன் 17

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை முடியவில்லை. நீ, மாப்பிள்ளை, குழந்தை நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது தையல்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பலகையில் மெழுகுவத்தி விமர்சனத்துக்குக் கீழே உன் அக்கா எழுதியிருந்தாள்: "அது நடிப்பு இல்லை. எனக்கு அந்த நேரம் நினைவே இருப்பதில்லை. கை சுட்டது எனக்குத் தெரியாது." எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து படித்தார்கள். தையல்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டடி தள்ளி நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேனே, ரெண்டடி தள்ளி" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அரங்கம் நிறைந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பிறகு நானே திரைக்கு முன்னால் போய் ஆட்டம் இல்லை என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் இடது பக்கம் ஒரு கட்டி, பட்டாணி அளவு. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஜூலை 3ஆம் தேதி அறுவை சிகிச்சை. கெட்ட கட்டி இல்லை என்கிறார்கள். ஆனால் பேச்சுக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். சில சொற்கள் போகலாம், எத்தனை போகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அதைக் கேட்டு உன் அக்கா, "வசனம்தானே, அதுக்குத்தான் என் தங்கச்சி இருக்காளே" என்றாள்.

அந்த மௌனத்துக்கு நான் விளக்கு இறக்கினேன் அம்மா. தினமும் இறக்கினேன். ஒருநாள் நிற்கவில்லை என்று அவளைத் திட்டினேன். உன் கடிதங்களையெல்லாம் இப்போதுதான் காட்டினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதது, ஒரு பத்திரிகைத் துண்டைப் பார்த்து உனக்குத் தெரிந்திருக்கிறது. உன்னை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பியதற்கு என்னை மன்னித்துவிடு. ஸ்டூல் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் டப்பா வைத்திருந்தோம். நேற்று நானே சுரண்டித் துடைத்து வைத்தேன்.

வந்துவிடு.

அத்தான்


நவம்பர் 12

என் முணுமுணுவுக்கு,

அக்காதான் எழுதுகிறேன், வலது கையால். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா? நீ ரயில் ஏறி இருபது நாள் ஆகிறது. இந்தக் கடிதம் எழுத மட்டும் மூன்று நாள். நான் நலம். வாயில் இரும்பு ருசி வரவே இல்லை. தலையில் முடி வளர்ந்து, தடவினால் குத்துகிறது.

சொற்கள்தான் ஒளிந்து விளையாடுகின்றன. நேற்று தலையணைக்குப் போடும் துணியை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அதன் பெயர் வரவில்லை. "தலையணைச் சட்டை" என்றேன். அத்தான் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அது உறை. இதை எழுத அவரைத்தான் கேட்டேன். சில நாள் அழுகையும் வருகிறது. ஒத்திகையில் இரண்டு பக்கம் படித்தால் ஒரு பக்கம்தான் நிற்கிறது. அக்டோபர் ஆட்டத்தில் நீ அந்த ஸ்டூலில் இருந்திருக்காவிட்டால் நான் மேடை ஏறியே இருக்க மாட்டேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, விமர்சனம் கடைசியில் வந்துவிட்டது. வெட்டி வைத்திருக்கிறேன். கண்ணை நன்றாகத் திறந்து படி:

"உடல்நலம் தேறி வந்த நடிகையை வரவேற்போம். ஆனால் அந்த மகத்தான மௌனம் இப்போது இல்லை. அவர் அடிக்கடி வசனத்துக்காகக் காத்து நிற்கிறார். நல்ல, போதுமான நடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் குரல் மீண்டும் மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்கிறது. இக்குழு கவனிக்க வேண்டும்."

வலித்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் பூராவும் வலித்தது. அந்தக் கைதட்டல் இனி எனக்கு வராது.

பலகையில் ஒட்டினோம். எல்லாரும் நின்றார்கள். அத்தான் கூட்டம் போடவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். உன்னைப் பற்றி வந்த பழைய விமர்சனம் பக்கத்திலேயே இருக்கிறது, மஞ்சளாக. அதன் கீழே நீ எழுதாமல் போன இடமும் காலியாக இருக்கிறது. அன்றைக்கு நான் வாய் திறக்காமல் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கவே கூசுகிறது.

இரண்டுக்கும் சேர்த்து நானே பதில் எழுதினேன். ஒரு சொல்கூட யாரையும் கேட்கவில்லை, தானாக வந்தது:

"ஆமாம், கேட்கும். எனக்கும் கேட்டது. அது என் தங்கை."

படித்துவிட்டு விளக்குப் போடுகிறவர், "இதுக்கு மேல என்ன எழுதுறது" என்று பென்சிலை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டார்.

அடுத்த ஆட்டம் டிசம்பர் இரண்டாம் சனி. ஸ்டூலுக்குத் தையல்காரர் மெத்தை தைத்துவிட்டார். நிறம் கண்ணை உறுத்துகிறது. பிரதியை மறக்காமல் எடுத்து வா. என் பக்கங்களிலும் இனிமேல் உன் விரல் ரேகை படிய வேண்டியிருக்கும். இருமலுக்கு மருந்து குடித்துத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு வா. நீ சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அக்கா